தொட்டிலும் விடுதலைப் பத்திரமும்

(சேலத்தில் பெண் குழந்தைகள் நாள் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலை நாளில் விடுப்புப் போட்டு வந்திருக்கிற கிராம சுகாதாரச் செவிலியர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பத்திர எழுத்தர் நண்பர்களே, பெண் குழந்தைக் கூட்டத்தில் பத்திர எழுத்தருக்கு என்ன வேலை என்று வாசலில் ஒருவர் கேட்டாராம். அவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள் என்று சொன்னவள் நான்தான். காரணம் போகப் போகத் தெரியும்.

'பெண் குழந்தையைப் பாதுகாப்போம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச இந்த ஊருக்கு ஒரு தகுதி இருக்கிறது. பெருமைப்பட முடியாத தகுதி. தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. 'வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், யார் எவர் என்று கேட்க மாட்டோம்' என்று ஓர் அரசு தன் குடிமக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று தொட்டில் பரவியது.

அதற்கு முன்பே ஊர் உலகத்துக்கு விஷயம் தெரியும். 1986இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. பச்சைக் குழந்தையின் வாயில் போடுகிற கள்ளிப்பாலும் நெல்மணியும் டெல்லிக்காரர்களுக்குத் தெரிய வந்தது அப்போதுதான். 1994இல் இதே கொலையைப் பற்றிய பாரதிராஜாவின் 'கருத்தம்மா' படம் வந்தது. தியேட்டரில் அழாதவர்கள் இல்லை. ஆனால் இதில் ஒரு வசதியும் இருந்தது. பாவம் முழுவதையும் ஓர் ஊரின் தலையில், ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொண்டோம். வட ஆற்காட்டில் கே.வி. குப்பம் பகுதியில் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் செய்த ஆய்வு 1992இல் வெளியானது. அங்கேயும் இதே கதைதான். சேலத்திலும் தருமபுரியிலும் அதேதான். சாதி வேறு, பேச்சு வழக்கு வேறு, செய்கை ஒன்று.

செவிலியர் சகோதரிகளுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கொலைகள் கணக்கில் வந்தது காவல் நிலையத்தின் வழியாக அல்ல, உங்கள் பதிவேட்டின் வழியாக. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை இறப்பை எழுதும்போது காரணம் எழுத வேண்டும். வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, சளிக் காய்ச்சல். இவற்றோடு 'சமூகக் காரணம்' என்றும் சில இறப்புகளுக்கு எதிரே எழுதியிருந்தார்கள். திடமாகப் பிறந்த குழந்தை, மூன்றாம் நாள் செத்துப்போச்சு என்கிறார்கள், புதைத்தும் ஆயிற்று. அந்தச் செவிலியர் வேறு என்னதான் எழுதுவார்? ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1995ஆம் ஆண்டின் பதிவேடுகளை மாநிலம் முழுக்கத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை பெண் சிசுக்கள் புதைந்திருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. மாதச் சம்பளத்துக்கு மிதிவண்டியில் போன பெண்கள் எழுதிய பதிவேடு, பத்திரிகைகளை விட நேர்மையான சாட்சியாக நின்றது.

பிறகு என்ன நடந்தது? தொட்டில், வழக்கு, தருமபுரிப் பக்கம் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்ட கலைப்பயணம், செவிலியரின் தொடர் கண்காணிப்பு, மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்று மக்கள்தொகைக் கணக்கில் எடுப்பார்கள். சேலத்தில் அது 2001இல் 851. 2011இல் 916. இது சாதாரண முன்னேற்றம் இல்லை. கைதட்டலாம்.

தட்டியாயிற்றா? இப்போது மாநிலக் கணக்கைப் பாருங்கள். 2001இல் 942, 2011இல் 943. சேலம் இவ்வளவு ஏறியும் மாநிலம் ஏன் அசையவில்லை? வேறு எங்கோ இறங்கியிருக்கிறது. கடலூரில் 896, அரியலூரில் 897 என்று விழுந்தது. முன்பு நன்றாக இருந்த மாவட்டங்கள் அவை. தொட்டில் அங்கேயும் போயிற்று. ஆனால் அதற்குள் ஆட்டம் மாறிவிட்டிருந்தது. பிறந்த குழந்தையைக் கொல்லும் பாவம் எதற்கு, பிறக்காமலே செய்துவிட்டால் போயிற்று என்று ஸ்கேன் வந்துவிட்டது.

கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996 முதல் அமலில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். 'இங்கு பாலினம் தெரிவிக்கப்படாது' என்ற பலகை எல்லா ஸ்கேன் மையத்திலும் தொங்குகிறது. சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவும் உண்டு: ஒரு பெண் இந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்தால், கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். வீட்டுக்குள் யார் முடிவு எடுக்கிறார்கள் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் அண்மை ஆண்டுகளில் தருமபுரி வட்டாரத்தில் கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடு பிடித்து உட்கார்ந்த கும்பல்கள் அகப்பட்டன. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 878 பெண். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 954. மாதிரிக் கணக்கெடுப்பில் ஏற்ற இறக்கம் இருக்கும், அதையே பிரமாணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போனதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கக்கூடிய எண் இல்லை அது.

முதல் குழந்தை பெண் என்றால் 'மகாலட்சுமி வந்துட்டா' என்பார்கள். இரண்டாவதும் பெண் என்றால் பேச்சு குறையும். மூன்றாவது கருவில்தான் கத்தி. இந்தப் பழக்கம் உள்ள பல இடங்களிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஆக, பெண் என்றாலே வெறுப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தொடாமல் 'பெண்ணைப் போற்றுவோம்' என்று சுவரில் எழுதிப் பயனில்லை.

கணக்கு இதுதான். ஒரு பெண் பிறந்தால் காதுகுத்து, திரட்டிச் சீர், நிச்சயம், கல்யாணம், பவுன், ரொக்கம், மாப்பிள்ளைக்கு வண்டி, ஆடிக்கு அழைப்பு, தலைதீபாவளி, தலைப்பொங்கல், வளைகாப்பு, பிரசவச் செலவு, பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. நம் ஊர்களில் பல சாதிகளில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டார்கள். மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கினார்கள். பெண்ணும் காட்டில் மாடு மாதிரி உழைத்தாள். பாசனம் வந்து, பணப்பயிர் வந்து, படித்த மாப்பிள்ளை வந்த பிறகு வரதட்சணை வந்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அது பாமர வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஆகவே இதை ஆதிகாலப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வசதியோடு வந்த வியாதி இது. வசதி வந்தால் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம்.

அரசுகள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்பு வைக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதி, 18 வயதானால் வட்டியோடு கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் ஆண் குழந்தை இருக்கக் கூடாது, குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. தம்பி பிறந்துவிட்டால் அக்காவுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. உண்மையில் தம்பி பிறந்த வீட்டில்தான் அக்காவுக்கு முட்டை குறைகிறது. பள்ளிச் சத்துணவில் இந்த வம்பு இல்லை பாருங்கள், வாரம் ஐந்து நாளும் ஆளுக்கு ஒரு முட்டை, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் தட்டில் விழுகிறது. வீட்டை விடப் பள்ளிக்கூடம் நியாயமாக நடந்துகொள்கிற இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்று, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டம். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயரில், கடைசிக் காலத்தில் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் ரொக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2022இல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். எந்தக் கட்சி செய்தது என்பது எனக்கு முக்கியமில்லை. தாலிக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்கு மாறியது. சரியான காரியம். பஞ்சாலைகளில் மூன்று வருடம் விடுதியில் அடைத்து வைத்து, 'முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம்' என்று சுமங்கலித் திட்டம் நடத்தினார்களே, அந்த அவமானத்துக்கு இது ஒரு சிறு பதில். தன் வரதட்சணைக்குத் தானே நூற்றுச் சம்பாதித்த சிறுமிகளை இந்த மேற்கு மாவட்டங்கள் மறந்துவிட முடியாது.

இனி நான் அன்றாடம் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு கட்டு வைத்தார்கள். 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அந்த மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையை, வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. வேண்டியதில்லை, மகள் பிறப்பாலேயே பங்காளி. கேரளத்தில் சிரியன் கிறித்தவப் பெண்களுக்காக மேரி ராய் 1986லேயே வென்றார். சட்டத்தில் குறையில்லை.

ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு முகூர்த்த நாளில் வந்து உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் காரில் தங்கையை அழைத்து வருவான். புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருப்பான். மத்தியானம் பிரியாணியும் உண்டு. பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். 'எனக்குத் திருமணக் காலத்தில் நகையும் சீர்வகையறாவும் செய்துவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்குள்ள பாகத்தை விடுதலை செய்கிறேன்' என்று எழுதியிருக்கும். கண்ணாடிக்குள்ளிருந்து பதிவாளர், 'முழு சம்மதமா?' என்பார். அந்தப் பெண் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். கேமராவைப் பார்க்கச் சொல்வார்கள், விரலை வைக்கச் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையிலும் சலுகை உண்டு.

ஓமலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், 'ஏம்மா, எழுபது எண்பது லட்சம் போகிற காட்டை ஒரு புடவைக்கு எழுதிக் கொடுத்தாயே?' என்று கேட்டேன். 'பங்கு கேட்டா பொறந்த ஊட்டு வாசப்படி அடைஞ்சு போயிருமுங்க வக்கீலம்மா. நாளைக்கு எங்க ஊட்டுக்காரரு அடிச்சுத் தொரத்துனா நா எங்கீங்க போறது?' என்றாள். அவளை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். காட்டை எழுதிக் கொடுத்து, பிறந்த வீட்டில் ஒரு நாள் தங்கும் உரிமையை அவள் வாங்கிக்கொண்டாள். அது ஏற்கனவே அவளுடையது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பத்திரத்துக்கும் பெண் சிசுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மகள் என்றால் சொத்தை வெளியே கொண்டு போகிறவள், மகன் என்றால் காட்டையும் காத்து, கஞ்சியும் ஊற்றி, கொள்ளியும் வைக்கிறவன். இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் மகன் ஆசை நிற்கிறது. சோனியா பலோத்ரா, ரேச்சல் ப்ரூலே, சஞ்சாரி ராய் என்ற ஆய்வாளர்கள் கசப்பான ஒன்றைக் கண்டார்கள். மகளுக்குச் சொத்துரிமை கொடுத்த மாநிலங்களில், முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்த குடும்பங்களில், சட்டத்துக்குப் பிறகு மகன் ஆசை கூடியிருக்கிறது, குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்தால் காரணம் புரிகிறது. சட்டம் ஒரு கையால் மகளுக்குப் பங்கு கொடுத்தது. கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருப்பது என்ற வழக்கத்தை யாரும் தொடவில்லை. கஞ்சி ஊற்றுவது மகன், பங்கு போவது மகளுக்கு என்றால் கிழவனின் கணக்கு இடிக்கத்தானே செய்யும்? அதற்காகச் சட்டத்தைத் திரும்பப் பெற முடியுமா? வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. கல்யாணமான மகளும் பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்று விஜயா மனோகர் அர்பத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்திலும் மகன், மகள் இருவருமே பொறுப்பு. நடைமுறையிலும் பாருங்கள், சேலம் அரசு மருத்துவமனையில் கிழவிகளுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மகள்தான். ஆனால் 'மாப்பிள்ளை வீட்டில் போய் இருப்பதா' என்று அப்பாமார்களுக்குக் கௌரவக் குறைச்சல். மகள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் பணம் வைத்துவிட்டு வருகிற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மாநில முதியோர் உதவித்தொகை இப்போது மாதம் 1,200 ரூபாய். அதை யாரையும் நம்பாமல் வாழக்கூடிய தொகையாக உயர்த்தினால், பெண் சிசுவைக் காக்க எந்தச் சுவர் விளம்பரத்தையும் விட அதிகம் உதவும். மேடையில் இருக்கிற அதிகாரிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைத் திருமணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு முன் கல்யாணமானவர்கள் தமிழ்நாட்டில் எட்டில் ஒருவர், 20 முதல் 24 வயதுப் பெண்களிடம் எடுத்த கணக்கு இது. 'பருவத்தில் கட்டிக் கொடுத்தால் பவுன் குறைச்சலாகப் போதும்' என்பதுதான் பல வீடுகளில் காரணம். இதுவும் அதே கணக்கு. தகவல் சொல்ல 1098 என்ற எண் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். பலருக்குத் தெரியாதது ஒன்று: அப்படிக் கட்டி வைக்கப்பட்ட பெண், 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்துக்கு வந்தால் அந்தக் கல்யாணத்தையே செல்லாததாக்கலாம். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் குறைந்த மனைவியோடு உறவு கொள்வது வன்புணர்வே என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர்களே, ஒரு மாணவி நான்கு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் பதிவேட்டில் 'ஆ' போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு ஆளனுப்புங்கள். கல்யாணம் நடந்த பிறகு வருகிற வழக்கை விட, நடப்பதற்கு முதல் நாள் வருகிற ஒரு போன் மேல்.

இனி பத்திர எழுத்தர் நண்பர்களே, உங்களை அழைத்த காரியம். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. இதை உங்களிடம் வருகிற ஒவ்வொரு தகப்பனிடமும் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, விடுதலைப் பத்திரம் எழுத யாராவது தங்கையை அழைத்து வந்தால், அந்தப் பெண்ணின் பங்குக்கு அரசு வழிகாட்டி மதிப்பு என்ன என்று கூட்டிப் பாருங்கள். பிறகு அந்தத் தொகையை அண்ணனிடம் இல்லை, அவளிடம், அவள் காதில் விழும்படி, ஒரு தடவை படித்துச் சொல்லுங்கள். 'யோசித்து நாளைக்கு வேண்டுமானாலும் வரலாம்மா' என்றும் சொல்லுங்கள். உங்கள் எழுத்துக் கூலி ஒரு நாள் தள்ளிப் போகும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே உங்களைக் கூப்பிட்டேன்.